ஒரு தோளுக்கு எவ்வளவு மாவு

லிங்கேஸ்வரனுக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் பக்கவாதம் வந்தது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பிட்டராக இருந்தவர். இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது சட்டைப் பித்தானைப் போட முடியாமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். என்ன இவ்வளவு நேரம் என்று மனைவி மாரிச்செல்வி எட்டிப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போய் உயிரைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள். இடது கையும் இடது காலும் உயிரோடு கூடவே வீட்டுக்கு வந்தன. வேலைக்கு மட்டும் வரவில்லை.

ஒரு வருடத்துக்குத் தினமும் பிசியோதெரபி கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து கொடுப்பவர்கள் ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீட்டு முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவளுக்கு ஐந்நூறு ரூபாய் என்பது மூன்று நாள் சம்பாத்தியம். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். இப்போது இருப்பது போலவே இருக்கும் என்று அவர் சொன்னார்.

இரண்டு தெரு தள்ளியிருந்த காளீஸ்வரி மாவு வாங்க வந்தது அப்போதுதான். பிசியோதெரபி படித்து மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். புருஷன் ராணுவத்தில் இருந்தான். பிள்ளை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு மாமனார் வீட்டில் இருந்தாள். மாவை வாங்கித் திரும்பியவள், நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த லிங்கேஸ்வரனின் கையைப் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு அவளால் போக முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு தலையணையை மடியில் வைத்துக் கையைத் தூக்கி அதன்மேல் கிடத்தினாள். தொங்கவிட்டால் தோள் இறங்கிவிடும் என்றாள். மறுநாள் பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து வந்து ஒரு மணி நேரம் கையையும் காலையும் நீட்டி மடக்கிவிட்டுப் போனாள். அதற்கு மறுநாள் காலையில் மாரிச்செல்வி ஒரு லிட்டர் மாவும் ஒரு தூக்குச்சட்டியில் சாம்பாரும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதோடு சரி. யாரும் விலை பேசவில்லை. மாமனாரைப் பார்க்க ஆள் வந்தால் காளீஸ்வரி இரண்டு லிட்டர் வாங்கிக்கொள்வாள். லிங்கேஸ்வரனுக்கு மனசு சரியில்லாத நாளில் ஒன்றரை மணி நேரம் இருப்பாள். நான்கு மாதத்தில் அவர் கம்பு ஊன்றி வாசல்வரை நடந்தார். ஆனி மாதம் ஒரு மத்தியானம் இடது கையைத் தோள் மட்டத்துக்குத் தூக்கி, கொடியில் கிடந்த துண்டை எடுத்தார். எடுத்துவிட்டு எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் அதை மறுபடி கொடியிலேயே போட்டார். இரண்டு பெண்களும் அடுப்படியில் நின்று அழுதார்கள்.

இதற்கு முந்தைய வருடம்தான் பண்டமாற்று மேம்பாட்டு வாரியம் தொடங்கப்பட்டிருந்தது. மக்கள் காசைச் செலவழிக்காமல் பொருளுக்குப் பொருளும் உழைப்புக்கு உழைப்பும் கொடுத்து மிச்சம் பிடிக்க வழிசெய்வது அதன் நோக்கம். 'காசில்லா வாழ்வு, கவலையில்லா வீடு' என்று எழுதிய பலகையோடு ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஒரு மாடியைப் பிடித்து மண்டல அலுவலகம் திறந்தார்கள். ஏசி அறை இரண்டு, ஊழியர் பதினோரு பேர். வருடத்துக்கு முந்நூறு பரிமாற்றங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று இலக்கு. நான்கு பதிவாகியிருந்தன. அவற்றில் இரண்டு, ஊழியர்கள் தங்களுக்குள் மத்தியானச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டவை.

வாரியத்தின் கள அலுவலர் ராம்கி வேறு வேலையாக மடவார் வளாகம் வந்தவன், மாவு வாங்க நின்றான். உள்ளே காளீஸ்வரி லிங்கேஸ்வரனின் கையைத் தூக்கிப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். இது எவ்வளவு ஆகிறது என்று சும்மா கேட்டு வைத்தான். காசெல்லாம் இல்லை, நான் மாவு கொடுக்கிறேன், அவள் கையைப் பார்த்துவிடுகிறாள் என்று மாரிச்செல்வி சொன்னாள். ராம்கிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, ஒன்றரை வருசமா உங்களைத்தான்க்கா தேடிக்கிட்டு இருக்கோம்" என்றான்.

மாவைப் படம் எடுத்தான். கிரைண்டரை எடுத்தான். லிங்கேஸ்வரனைக் கையைத் தூக்கச் சொல்லிப் பக்கவாட்டில் எடுத்தான். பிறகு விகிதத்தை நிர்ணயித்தது யார் என்று கேட்டான். யாரும் இல்லை என்றார்கள். எழுத்து மூலம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இல்லை. அவன் முகம் மெல்ல வாடியது. பதிவு செய்யாத பரிமாற்றம் இந்த வருடத்திலிருந்து 'ஒழுங்கற்ற பரிமாற்றம்' என்ற பிரிவில் வருகிறது என்று வருத்தத்தோடு சொன்னான். தண்டனை என்று எதுவும் கிடையாது. ஆனால் பார்த்துவிட்டதால் அவன் மேலே எழுதியாக வேண்டும். எழுதினால் காளீஸ்வரியின் தொழில் பதிவைப் பற்றிக் கேள்வி வரலாம். லிங்கேஸ்வரனின் மாதாந்திர உதவித்தொகையைப் பற்றியும் வரலாம். பதிவு செய்துவிட்டால் ஒன்றுமே வராது, பரிசுகூட உண்டு. ஒரு நாள் வேலை.

காளீஸ்வரி பயந்துவிட்டாள். பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் மறுபடி ஆஸ்பத்திரி வேலைக்குப் போகலாம் என்று அவள் நினைத்திருந்தாள். படிப்பில் அவளிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பதிவு மட்டும்தான்.

"ஒரு நாள் வேலைன்னுதான மாரியக்கா சொல்லுதாரு. முடிச்சுட்டு வந்துருங்க. பொறவு நம்ம பாட்டுக்குப் பார்ப்போம்" என்றாள்.

மறுநாள் மாரிச்செல்வி ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். வாரியத்தின் கொள்கையை முன்பு பஸ்ஸிலிருந்து பலகையில் படித்திருந்ததால், பதிவுக்கு என்ன கேட்டாலும் கொடுக்க இரண்டு லிட்டர் மாவை ஒரு கேனில் கொண்டுபோனாள். பதிவுக் கட்டணம் முந்நூற்றைம்பது ரூபாய், ரொக்கமாகவோ போன் மூலமாகவோ கட்டலாம் என்றார் குமாஸ்தா. அவள் கேனைக் காட்டினாள். வாரியம் பண்டமாற்றில் ஈடுபடுவதற்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது என்று அவர் விளக்கினார். ஈடுபட்டால் வாரியத்தின் நடுநிலைமை போய்விடும். அவள் முந்நூற்றைம்பதைக் கட்டினாள். மாவை மாதிரிப் பொருளாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

காத்திருக்கும் பெஞ்சில் சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த சின்னக்கருப்பன் என்ற விவசாயி உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு ஒன்பதாவது தடவை. பக்கத்துத் தோட்டக்காரரின் கிடாயைத் தன் ஆட்டுக்குச் சேர்த்ததற்கு இரண்டு கட்டுக் கடலைக்கொடி கொடுத்திருந்தார். அது எப்படியோ வாரியத்தின் காதுக்கு வந்துவிட்டது. பதிவுக்கு வந்தபோது, சேவை வழங்கியது தோட்டக்காரர் இல்லை, கிடாய்தான் என்று சட்டப் பிரிவில் கண்டுபிடித்தார்கள். கிடாயின் புகைப்படம் இரண்டு, மாட்டாஸ்பத்திரிச் சான்று ஒன்று, அது விருப்பத்தோடுதான் செய்தது என்பதற்குச் சாட்சி ஒருவர் கேட்டார்கள். எல்லாம் கொண்டுவருவதற்குள் ஆடு இரண்டு குட்டி போட்டுவிட்டது. வழக்கு முடியும்வரை குட்டிகளை விற்கக் கூடாது, வளர்க்கவும் கூடாது என்று உத்தரவு.

"விக்காம வச்சுக்கிடலாம். வளராம எப்பிடித்தா வச்சுக்கிட முடியும்? அது பாட்டுக்கு வளருது" என்றார் சின்னக்கருப்பன்.

மண்டல அலுவலர் முத்துக்குமரன் மாரிச்செல்வியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மரியாதை தெரிந்த மனிதர். ஏழைகளிடம் பேசுவதற்கென்றே ஒரு குரல் வைத்திருந்தார்.

"அம்மா, இந்தப் பணம்ங்கிறது இருக்கே, அது மனுசனைக் கெடுத்திருச்சு. ஒருத்தர் காசு கொடுக்கிறாரு, ஒருத்தர் மாவு கொடுக்கிறாரு, ரெண்டு நிமிசத்துல முடிஞ்சு போகுது. அதுல அரசாங்கத்துக்கு என்ன இடம் இருக்கு? நீங்களே சொல்லுங்க. பண்டமாற்றுன்னா அப்படி இல்ல. எடை போடணும், ஒப்பிடணும், யாரு கொறச்சலா கொடுத்தா, யாரு கூட வாங்கினான்னு பார்க்கணும், சான்று கொடுக்கணும். உங்க ஒரு லிட்டர் மாவை நம்பி இந்த ஆபீஸ்ல பதினோரு குடும்பம் இருக்கு. நீங்க பாட்டுக்கு நம்பிக்கையில கொடுத்து வாங்கிக்கிட்டா நாங்க எங்கம்மா போறது?"

அவர் நியாயமாகத்தான் பேசினார். மாரிச்செல்விக்கே அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தோடு அவர் காட்டிய இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். கடைசித் தாளில், சமநிலைச் சான்று வழங்கப்படும்வரை பரிமாற்றத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் அதுவரை இரு தரப்பும் இப்போது இருக்கும் நிலையிலேயே இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். குழு வந்து அளக்க வேண்டும், அவசரமில்லை என்றார் முத்துக்குமரன்.

"நிறுத்துனா கை இறுகிப்போகும்னு சொல்லுதாங்க சார். இப்ப இருக்குற மாதிரியே நிக்காதாம்."

"யாரு சொல்றது?"

"காளீஸ்வரிதான் சார்."

"அவங்க எதிர்த்தரப்பு, அம்மா. எதிர்த்தரப்பு சொல்றதைக் கேட்டுட்டு வந்து நீங்க இங்க பேசக் கூடாது. உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

வெளியே வரும்போது குமாஸ்தா கேனைத் திருப்பிக் கொடுத்தார். காலியாக இருந்தது. கொஞ்சம் புளிப்புத் தூக்கலாக இருந்தது என்றார்.

அன்றோடு காளீஸ்வரி வருவது நின்றது. முதல் வாரம் தெருவில் நின்று, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, எப்படிச் செய்ய வேண்டும் என்று வாயால் சொன்னாள். முழங்கையைப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டைப் பிடித்து இழுக்கக் கூடாது, வலித்தால் நிறுத்திவிட வேண்டும். உள்ளே மாரிச்செல்வி அதைக் கேட்டுச் செய்தாள். யோசனை சொல்வதும் சேவைதான் என்று வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. காளீஸ்வரியின் பெயரை உரிய இடத்துக்கு ஏன் தெரிவிக்கக் கூடாது என்றும் கேட்டிருந்தது. கடிதம் மாமனார் பேருக்கு வந்தது. அதன்பிறகு காளீஸ்வரி அந்தத் தெருவழியே வருவதையே விட்டுவிட்டாள். கடையில் பாக்கெட் மாவு வாங்கினாள். மாரிச்செல்வி ராஜபாளையத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்டை வரவழைத்து மூன்று நாள் ஐந்நூறு கொடுத்துப் பார்த்தாள். நான்காம் நாள் உளுந்து வாங்கக் காசில்லை.

குழு வருவதற்கு இருபத்தாறு நாள் ஆனது. முத்துக்குமரன் தலைவர், ராம்கி செயலர். கோணம் அளப்பதற்குக் கிருஷ்ணன்கோவில் பக்கம் வீட்டுமனை அளக்கும் வேல்சாமி என்ற சர்வேயரை அழைத்து வந்திருந்தார்கள். உணவு வல்லுநராக, வாரியக் கூட்டங்களுக்குச் சாப்பாடு போடுகிற காண்டிராக்டர் வந்திருந்தார். மாவை மாவாக மதிப்பிட முடியாது, இட்லியாக்கித்தான் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதால் மாரிச்செல்வி அடுப்பைப் பற்றவைத்தாள். நான்கு பேரும் முப்பத்தொரு இட்லி மதிப்பிட்டார்கள். ஒரே சட்னியோடு மதிப்பிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும் என்று காண்டிராக்டர் கருதியதால் தக்காளிச் சட்னியும் அரைத்தாள்.

கை அளக்கும் வேலை அதற்குப் பிறகு நடந்தது. லிங்கேஸ்வரனை வடக்கு பார்த்து உட்காரவைத்தார்கள். வேல்சாமி தூக்குக்குண்டைத் தோளிலிருந்து தொங்கவிட்டு, கையைத் தூக்கச் சொன்னார். ராம்கி எடுத்த படத்தில் தொண்ணூறு டிகிரி இருந்த கை எழுபத்திரண்டில் நின்றது. ஒரே அளவு போதாது, பத்துத் தடவை தூக்கினால்தான் சராசரி கிடைக்கும் என்றார்கள். ஏழாவது தடவை லிங்கேஸ்வரனின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதையும் குறித்துக்கொள்ளவா என்று ராம்கி கேட்டான். கண் இந்த விண்ணப்பத்தில் இல்லை என்றார் முத்துக்குமரன். எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது தடவைகளும் முறையாக நடந்தன.

மதிப்பிடுவதில் ஒரு சிக்கல் வந்தது. வாரியத்தின் பொருள் பட்டியலில் மூவாயிரத்துச் சொச்சம் பொருள்கள் இருந்தன. மனிதத் தோள் இல்லை. அசையும் மூட்டு என்பதால் அதற்கு மிக நெருக்கமாக வருவது கதவுக் கீல்தான் என்று வேல்சாமி கருத்துச் சொன்னார். மாவும் பட்டியலில் தனியாக இல்லை. 'அரைத்த தானியம்' என்ற தலைப்பில் மாட்டுத் தீவனத்தோடு சேர்ந்து இருந்தது. எனவே லிங்கேஸ்வரன் வீட்டில் நடந்தது, நான்கு மாத காலம் மாட்டுத் தீவனம் கொடுத்து ஒரு கீலைத் தினமும் சரிசெய்துகொண்ட பரிமாற்றம் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

அறிக்கை பத்து நாளில் வந்தது. மாரிச்செல்விக்குப் படித்தும் புரியாததால் மறுபடி ராஜபாளையம் போனாள். முத்துக்குமரன் பொறுமையாக விளக்கினார். அவள் கொடுத்த மாவின் தரத்துக்கும் அளவுக்கும் நாற்பத்தொன்பது டிகிரிதான் நியாயம். அவள் கணவர் தொண்ணூறு டிகிரி வாங்கிவிட்டார். நாற்பத்தொரு டிகிரி கூடுதல்.

அப்படியானால் இன்னும் கொஞ்சம் மாவு கொடுத்துவிடுகிறேன் என்றாள். அது புதிய பரிமாற்றமாகிவிடும், புதிதாகப் பதிய வேண்டும், ஆனால் பழையது முடியாமல் புதியதைப் பதிய முடியாது என்றார். வேறு வழி என்னவென்று கேட்டாள். கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்.

"கையை எப்படி சார் திருப்பிக் கொடுக்குறது?"

"அதைப் பயனாளிதான் முடிவு செய்யணும் அம்மா. வழிமுறையில வாரியம் தலையிடாது. அந்தச் சுதந்திரத்தை உங்களுக்கே விட்டிருக்கோம்."

பெஞ்சில் சின்னக்கருப்பன் இருந்தார். குட்டிகள் இரண்டும் கிடாய் ஆகிவிட்டன, அவை யாருக்கு என்ன சேவை செய்துவிடுமோ என்று கட்டிப்போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். மாரிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

வீட்டில் அவளே கையை நீட்டி மடக்குவதைத் தொடர்ந்தாள். மாவு அரைத்துவிட்டு வந்து மத்தியானம் ஒரு மணி நேரம் உட்காருவாள். ஒரு நாள் ராம்கி மாவு வாங்க வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. இதுக்கு அண்ணன் உங்களுக்கு என்ன தர்றாரு?"

மாரிச்செல்வி யோசித்தாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடங்கள். அவர் இப்போது தருவது என்று சொல்ல எதுவும் நினைவுக்கு வரவில்லை. பொய் சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை. ஒன்றும் இல்லை என்றாள். படுத்திருந்த லிங்கேஸ்வரன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எதுவும் வாங்காமல் செய்வது இலவசம், இலவசம்தான் பண்டமாற்றின் முதல் எதிரி என்று வாரியத்தின் கையேட்டில் முதல் பக்கத்திலேயே இருந்தது. அடுத்த வாரம், அதை நிறுத்தும்படி அவளுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அதற்காக அவள் நிறுத்தவில்லை. அது வரும் முன்பே நிறுத்திவிட்டாள். ராம்கி போன மறுநாள், கை முன்பைவிட இறுகியிருக்கிறதே என்ற பயத்தில், கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டாள். உள்ளே ஏதோ நழுவியது. நூற்பாலையில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய மனிதர் அன்று கத்திய கத்தலுக்கு மூன்று வீட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். தோள் வீங்கிக் கிடந்தது. அதன்பிறகு அவளுக்கு அவரைத் தொடவே கை வரவில்லை. சோறு ஊட்டும்போதுகூட எட்டி உட்கார்ந்தாள். இடது கை கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சோடு மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு, யாரோ எதையோ பிடுங்க வருவது போல இறுக மூடிக்கொண்டது.

ஐப்பசி மாதம் வாரியத்தின் ஆண்டு விழா ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. லிங்கேஸ்வரனை 'மாதிரிப் பயனாளி'யாகத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. வராவிட்டால் சான்று கிடைக்காது என்றும் அதில் இருந்தது. ஆட்டோ பிடித்துப் போனார்கள். நாற்காலிகளை நிரப்ப, வழக்கு நிலுவையில் உள்ள எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். சின்னக்கருப்பன் மூன்றாவது வரிசையில் இருந்தார். மேடைக்குப் படி ஏற முடியாததால், லிங்கேஸ்வரனை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். அந்த நால்வருக்கும் பதிலுக்கு என்ன தர வேண்டியிருக்குமோ என்று மாரிச்செல்விக்குத் திக்கென்றது.

முத்துக்குமரன் மைக்கைப் பிடித்தார். முந்நூறு என்ற இலக்கைப் பற்றி யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று தொடங்கினார்.

"எண்ணிக்கையைத் தேடி ஓடுறவங்க நாங்க இல்ல. ஒரே ஒரு பரிமாற்றம், ஆனா அதை முழுசா, சுத்தமா, ஒரு டிகிரி பிசகாம முடிச்சிருக்கோம். இவங்க ரெண்டு குடும்பமும் எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் நம்பி வாழ்ந்துக்கிட்டு இருந்தாங்க. நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா யாரு பொறுப்பு? இன்னைக்கு அந்த நிலைமை மாறியிருக்கு. இன்னைக்கு அவங்களுக்குள்ள எந்தப் பாக்கியும் இல்ல, எந்தப் பேச்சுவார்த்தையும் இல்ல. இதுதான் வாரியத்தோட சாதனை."

கைதட்டல் எழுந்தது. வேல்சாமி தூக்குக்குண்டோடு மேடைக்கு வந்தார். லிங்கேஸ்வரனை வடக்கு பார்த்துத் திருப்பினார்கள். மண்டபத்தில் வடக்கு பார்த்தால் கூட்டத்துக்கு முதுகு தெரியும் என்பதால் மறுபடி கிழக்கே திருப்பினார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள். நெஞ்சோடு ஒட்டியிருந்த கை நடுங்கி, கொஞ்சம் பிரிந்து, நின்றது. வேல்சாமி குனிந்து பார்த்தார். பதினெட்டு டிகிரி என்றார்.

முத்துக்குமரன் மறுபடி மைக்கைப் பிடித்தார். நாற்பத்தொன்பது இருந்தாலே போதும். கூடுதலை எல்லாம் திருப்பிக் கொடுத்ததோடு, தங்களுக்கு உரிமையானதிலிருந்தும் முப்பத்தொரு டிகிரியை இந்தக் குடும்பம் கொடுத்திருக்கிறது என்று அவர் தழுதழுத்த குரலில் அறிவித்தார். அந்த முப்பத்தொரு டிகிரியை வாரியத்துக்கு நன்கொடையாக வழங்க லிங்கேஸ்வரனுக்குச் சம்மதமா என்று சபை முன்னால் கேட்டார். சம்மதமென்றால் கையைத் தூக்கும்படி சொன்னார்.

லிங்கேஸ்வரன் மனைவியைப் பார்த்தார். வலது கையைத் தூக்கினார்.

பொன்னாடை போர்த்தினார்கள். இடது பக்கம் அது நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததால், போட்டோ எடுக்கும்வரை ராம்கி நாற்காலிக்குப் பின்னால் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டான். சமநிலைச் சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். சட்டத்துக்கு நூற்றெண்பது ரூபாய் தனி.

மறுநாள் காலையில் மாரிச்செல்வி அந்தச் சட்டத்தை ஒரு பையில் போட்டுக் காளீஸ்வரி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். மாமனார் அதை இரண்டு தடவை படித்தார். எந்தத் தரப்பும் எந்தத் தரப்புக்கும் பாக்கி இல்லை, புதிதாகத் தொடங்கத் தடையில்லை என்று இருந்தது. போய்விட்டு வா என்று மருமகளிடம் சொன்னார்.

மூன்றரை மாதத்துக்குப் பிறகு காளீஸ்வரி அந்த வீட்டுக்குள் வந்தாள். லிங்கேஸ்வரனின் முன்னால் தரையில் உட்கார்ந்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். சுட்டுவிரல் மட்டும் வந்தது. முழங்கையைத் தாங்கிப் பிடித்து மெல்ல நகர்த்தினாள். தோளில் கையை வைத்து, எலும்பு இறங்கியிருந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்ததைத் தடவிப் பார்த்தாள்.

"எம்புட்டு நாளாகும் தாயி?" என்று மாரிச்செல்வி கேட்டாள்.

"மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்க்கா. ஒரு வருசம் ஆகும். ஆனாலும் அந்தத் துண்டை எடுத்தாங்கள்ல, அந்த அளவுக்கு வருமான்னு சொல்ல ஏலாது. கொஞ்சம் வரும். நான் தினமும் வாரேன்."

லிங்கேஸ்வரன் தன் கையைக் காளீஸ்வரியின் கையிலிருந்து வலது கையால் எடுத்து மறுபடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு குழறும். அன்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னதால் இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

"வேண்டாம்மா. இது இப்பிடியே கெடக்கட்டும். நல்லாயிருச்சுன்னா திரும்ப அளக்க வருவாங்க."

காளீஸ்வரி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள், வந்தது வந்தோம் என்பது போல நின்று ஒரு லிட்டர் மாவு கேட்டாள். மாரிச்செல்வி அளந்து ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு காளீஸ்வரி ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினாள். அந்தத் தாளை மாரிச்செல்வி கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு வாங்கிக்கொண்டாள். விலை நாற்பது. மீதி கொடுக்கப் பத்து ரூபாய் இல்லை.

இருக்கட்டும், பொறவு வாங்கிக்கிடுதேன் என்று காளீஸ்வரி சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ராம்கியின் பைக் தெருமுனையில் நிற்கிறதா என்று இருவருமே எட்டிப் பார்த்தார்கள். மாரிச்செல்வி அவளை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு, முக்குக் கடைவரை நடந்துபோய் ஐம்பதை மாற்றி, பத்து ரூபாயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். காளீஸ்வரி அதை எண்ணிப் பார்ப்பது போல ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.